பிரஷர் இருந்தாலும் பரவாயில்லையாம்

என் மகள் வின்சி சீனாவில் டாக்டருக்குப் படித்தவள். இதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. அங்கேயே இருந்து படித்து, கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கியவள். அந்தப் போட்டோ ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு பரீட்சை எழுதிப் பாஸானால்தான் ஊசியைக் கையில் எடுக்க முடியும். அந்தப் பரீட்சைதான் அவளுக்கு மசியவில்லை. எழுதுகிறாள், போய்விடுகிறது, மறுபடியும் எழுதுகிறாள். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தபடியே இருக்கிறாள். நான் என்ன செய்தேன்? கேட்டவர்களிடமெல்லாம் "மக டாக்டர்" என்றேன். பரீட்சை என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்ல இப்போது எனக்கே வாய் கூசுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர். தையல் டீச்சருக்கு என்ன மரியாதை என்பது தையல் டீச்சராக இருந்தவளுக்குத்தான் தெரியும். கணக்குப் பாடம் முடியவில்லையா, "அன்னத்தாய் டீச்சர், உங்க பீரியடைக் குடுத்துருங்க." ஆண்டு விழா வந்துவிட்டதா, "டீச்சர், இந்த ஜாக்கெட்ட செத்த பிரிச்சு விடுங்க." ஸ்டாஃப் ரூமில் நான் வாயைத் திறந்தால் அறிவியல் டீச்சர் காளீஸ்வரி செல்போனைத் திறப்பாள். வின்சி சீனாவுக்கு விமானம் ஏறியதும் அதே காளீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புறப்படுவதற்கு முன்பே எங்கள் சபையில் வின்சியை முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணியிருந்தார்கள். "டாக்டரம்மாவோட அம்மா" என்று தெருவில் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்?

வின்சி ஊர் திரும்பியபோது அவளுடைய சீனத்துத் தோழியின் அம்மா, சளி காய்ச்சலுக்கான மூலிகைப் பொட்டலங்களை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்த ஊரில் மருந்துக் கடைச் சுவர் முழுக்க மர இழுப்பறைகளாக இருக்குமாம். நோய்க்குத் தக்கபடி ஒவ்வொன்றிலிருந்தும் அள்ளி நிறுத்துக் கட்டிக் கொடுப்பார்களாம். பெட்டியில் இருந்தவை இரண்டு தினுசு. ஒன்றில் மஞ்சளும் வெள்ளையுமாகக் காய்ந்த பூமொட்டுகள். தொண்டை எரிந்து உடம்பு கொதிக்கிற காய்ச்சலுக்கு அது. இன்னொன்றில் பச்சை வெளிறிப்போன மெல்லிசுக் குச்சிகள், பட்டைக் குச்சி, அதிமதுரம், வாதாம் பருப்பைப் போல ஒரு கசப்புப் பருப்பு. குளிரெடுத்து நடுங்கி, வேர்வையே வராமல் கிடப்பவர்களுக்கு அது.

"பூவு சாதுவானதும்மா. இந்தக் குச்சி அப்படி இல்ல," என்று வின்சி பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். "இத மொதல்ல தனியாக் கொதிக்க விட்டு நுரைய எடுத்துறணும். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலந்தான். வேர்த்துட்டா அதோட நிறுத்திறணும். பிரஷர் இருக்கவிய, நெஞ்சு படபடப்பு இருக்கவிய இதுக்குப் பக்கத்துலயே வரக் கூடாது."

நன்றாகத்தான் காதில் விழுந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அடைமழைக் காலத்தில் காளீஸ்வரிக்குச் சளி பிடித்தது. வகுப்பில் நின்று பேச முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். வின்சியிடம் கேட்காமல் ஒரு பூப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "என் மக குடுத்தா" என்றும் சேர்த்துச் சொன்னேன். சளி போயிற்று. சும்மா விட்டிருந்தாலும் போயிருக்கும், அது வேறு விஷயம். காளீஸ்வரி பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். அதிலிருந்து தும்மினவர்கள் எல்லாம் என்னிடம் வந்தார்கள். என் கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று பொட்டலம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். "நாக்கைக் காட்டுங்க பாப்போம்" என்றுகூட ஒருத்தியிடம் கேட்டேன். நாக்கில் என்ன தெரியும் எனக்கு? வின்சி ஒரு சீன வைத்திய வீடியோ பார்த்தபோது எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் நீட்டினாளே! தையல் டீச்சர் கேட்டு இங்கிலீஷ் டீச்சர் நாக்கை நீட்டினாள்.

காளீஸ்வரி எப்படியோ வின்சியின் நம்பரைப் பிடித்து, 'தேங்க் யூ டாக்டர்' என்று செய்தி அனுப்பித் தொலைத்துவிட்டாள். வின்சி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏம்மா, நான் யாரு? எனக்கு என்ன லைசென்ஸ் இருக்கு? யாரக் கேட்டு என் பேரச் சொல்லிக் குடுத்த?"

"ஒரு பூவக் குடுத்தேன். பெரிய விஷம் பாரு!"

"இனிமே ஒரு பொட்டலம் இந்த வாசலத் தாண்டுச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

"ஏட்டி, குரல ஒசத்தாத. அக்கம்பக்கத்துல கேக்கும்," என்றேன். எனக்கு அந்தக் கவலைதான் இருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். என் கைப்பைக்குள் கிடந்தவற்றை அவள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பூ எல்லாம் தீர்ந்து, கிடந்தவை குச்சிப் பொட்டலங்கள்.

மார்கழி பிறந்தது. தமிழ் டீச்சர் காஞ்சனா ஒரு நாள் முகம் வாடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். காஞ்சனாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வின்சி சீனாவுக்குப் போவதற்கு முன்னாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கணவர் ஆராவமுதன் கூட்டுறவு பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மார்கழி முழுக்க விடிவதற்குள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போய், கோஷ்டியோடு நின்று பாசுரம் சொல்கிறவர்.

"அவருக்குத் தொண்டை கட்டிண்டு குரலே வரல டீச்சர். நேத்திலேர்ந்து ஜுரம் வேற. இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டா கோஷ்டியில நின்னுண்டே தூங்கி விழறார். உங்க பொண்ணோட மருந்து இருந்தா கொடுங்கோளேன்," என்றாள்.

தொண்டை, ஜுரம். பூப் பொட்டலம்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். தீர்ந்துபோச்சு என்று ஒரு வார்த்தை. ஸ்டாஃப் ரூமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை தானாகப் பைக்குள் போய், இருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தது.

காஞ்சனா எடுக்கப்போனவள் கையை நிறுத்தினாள். "அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறவர். பரவாயில்லையா? உங்க பொண்ணை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுங்கோ."

எவ்வளவு பொறுப்பான பெண் பாருங்கள்! அவள் சரியாகத்தான் கேட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். வின்சியைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். கத்துவாள், வீட்டை விட்டுப் போகிறேன் என்பாள். ஜன்னல் வழியாகக் காளீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்த நம்பரையும் அமுக்காமல் போனைக் காதில் வைத்தேன்.

"ஏட்டி வின்சி, நம்ம காஞ்சனா டீச்சர் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். ஆமா. பிரஷர் மாத்திர சாப்பிடுதாவ. அப்படியா? சரி. சரிட்டி."

அவள் பதில் சொல்வதற்கு நேரம் கொடுத்துக் கொடுத்துப் பேசினேன். நடுவில் ஒரு தரம் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது. உள்ளே வந்து, "பிரஷர் இருந்தாலும் பரவாயில்லையாம்" என்றேன்.

"எப்படிப் போடணும்?"

"நம்ம கஷாயம் மாதிரிதான்," என்றேன்.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. காஞ்சனா பேசினாள். "டீச்சர், ஆஸ்பத்திரியில இருக்கோம். கோயில்லேர்ந்து தூக்கிண்டு வந்தா. உங்க பொண்ணையும் கூட்டிண்டு உடனே வாங்கோ. டாக்டர் கேக்கறார்."

வின்சி மாடியில் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. "ஸ்பெஷல் கிளாஸ்" என்று கீழே இருந்தே சத்தம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை. கர்த்தரிடம் என்னவென்று கேட்பது? அவரைக் காப்பாற்று என்று கேட்பதற்கு முன்னால், நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கேட்கத்தான் மனம் முந்தியது. அந்த நேரத்திலும் அப்படி.

தனியார் ஆஸ்பத்திரி. ஆராவமுதன் கட்டிலில் கிடந்தார். நெற்றியில் நாமம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மெஷின் விடாமல் கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு, ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கினார். காஞ்சனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செய்தி கேட்டு காளீஸ்வரியும் ஹெட்மிஸ்ட்ரஸும் வந்திருந்தார்கள்.

டாக்டர் சின்னப் பையன். வின்சி வயதுதான் இருக்கும்.

"மருந்து கொடுத்தது நீங்களாம்மா? என்ன மருந்து அது?"

"சீனத்து மூலிகை."

"என்னென்ன மூலிகை?"

எனக்கு என்ன தெரியும்? "குச்சி" என்றேன்.

"எவ்வளவு சாப்பிட்டார்?"

காஞ்சனா முந்திக்கொண்டு சொன்னாள். "டீச்சர் சொன்னபடிதான் பண்ணினேன். நம்மாத்துக் கஷாயம் மாதிரி எல்லாப் பொட்டலத்தையும் ஒண்ணாப் பாத்திரத்துல போட்டு, எட்டுக்கு ஒண்ணா வத்த வெச்சேன். வெறும் வயத்துல குடிச்சுட்டுக் கோயிலுக்குப் போனார். வேர்த்துக் கொட்டித்து. ஜுரம் விடறதுன்னு சந்தோஷப்பட்டுண்டு மிச்சத்தையும் கொடுத்தனுப்பியிருந்தேன். அதையும் அங்கேயே குடிச்சிருக்கார்."

பூப் பொட்டலமாக இருந்தால் எத்தனை வற்ற வைத்தாலும் கசந்திருக்கும், அவ்வளவுதான். அத்தனை நாள் மருந்தையும் அவர் ஒரே காலையில் குடித்திருக்கிறார். நம்ம கஷாயம் மாதிரிதான் என்று நான்தானே சொன்னேன். நம் வீட்டில் கஷாயம் என்றால் வேறு எப்படிப் போடுவார்கள்?

"பிரஷர் பேஷண்ட்டுன்னு சொன்னீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னேனே. டீச்சர் அவா பொண்ணு டாக்டர் வின்சிகிட்ட போன் பண்ணிக் கேட்டா. பரவாயில்லைன்னு சொல்லிட்டா," என்றாள் காஞ்சனா. என்மேல் அவளுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை.

டாக்டரின் முகம் மாறியது. "எந்த டாக்டர் இதைச் சொன்னாங்க? எந்த ஆஸ்பத்திரி? போன் போடுங்க. நான் பேசணும். அதுல என்ன இருக்குன்னு தெரியாம நான் என்ன மருந்து ஏத்துறது?"

மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. நம்பரை அமுக்கினேன். இந்தத் தடவை நிஜமாகவே மணி அடித்தது. டாக்டர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா?" என்றாள் வின்சி.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பேஷண்ட்டின் வயது, பிரஷர், குடித்த அளவு எல்லாம் சொன்னார். பிறகு வின்சியின் குரல் வேறு மாதிரி வந்தது, வேகமாக, தெளிவாக. "அந்தக் குச்சில எபிட்ரின் இருக்கு சார். அதான் படபடப்பு. கூட பட்டை, அதிமதுரம், ஏப்ரிகாட் விதைப் பருப்பு. எப்பக் குடிச்சாங்க? ஈ.சி.ஜி. எப்படி இருக்கு?" இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதேதோ பேசினார்கள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஊசி மருந்தின் பேரைச் சொன்னார். நர்ஸ் ஓடினாள். அந்தக் கொஞ்ச நேரம் என் மகள் டாக்டராகத்தான் இருந்தாள். எனக்கு நெஞ்சு நிமிரவும் செய்தது. வெட்கம் கெட்ட நெஞ்சு.

ஊசி போட்டு முடிந்ததும் டாக்டர் மறுபடி போனைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "இவ்வளவு தெரிஞ்சும் பிரஷர் ஆளுக்கு இதைக் கொடுக்கலாம்னு எப்படிச் சொன்னீங்க? நேத்து உங்க அம்மா போன்ல கேட்டப்போ பரவாயில்லைன்னு சொன்னது நீங்கதானே?"

நேற்று நான் அவளைக் கூப்பிடவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்தாள்.

"ஆமா சார். நான்தான் சொன்னேன்," என்றாள்.

"உங்க ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க. இதை நான் ரிப்போர்ட் பண்ணணும்."

வின்சியிடம் சொல்ல நம்பர் ஏது?

"நம்பர் இருக்கா, இல்லையா? இல்லைன்னா போலீஸுக்குத்தான் சொல்லணும்."

போலி டாக்டர் கைது என்று வாரத்துக்கு ஒரு போட்டோ பேப்பரில் வருகிறது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்கள். என் கண்ணுக்கு முன்னால் வின்சி அப்படி நின்றாள். அவள் பேர் ஒரு தரம் அப்படி எழுதப்பட்டுவிட்டால் பிறகு எந்தப் பரீட்சை எழுதி என்ன? நான் டாக்டர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"அவ சொல்லல சார்! அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் போனே பண்ணல. சும்மா காதுல வச்சுப் பேசினேன். குடுக்கக் கூடாதுன்னு அவ அன்னைக்கே சண்டை போட்டா. நான்தான் திருட்டுத்தனமாக் குடுத்தேன். அவ டாக்டர் இல்ல சார். என் மக டாக்டர் இல்ல. பரீட்சை பாஸாகல. ஒரு தடவகூடப் பாஸாகல!"

வீட்டுக்குள்கூட நான் சொல்லாத வார்த்தை அது. வார்டு முழுக்கக் கேட்டது. காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தரையைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தேன். ஸ்பீக்கர் அணையவில்லை. வின்சி அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள், அத்தனையையும் கேட்டிருக்கிறாள். நான் பார்க்கும்போதே லைன் துண்டிக்கப்பட்டது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெளிய உக்காருங்கம்மா. அப்பறமா எழுதித் தரணும் நீங்க," என்று மட்டும் சொன்னார்.

காஞ்சனா என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். புரியாமல் கேட்டாள், "அப்போ வராந்தாவுல யார்கிட்ட பேசிண்டிருந்தேள்? சிரிச்சேளே டீச்சர்!"

"யார்ட்டயும் இல்ல," என்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. அவள் திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மெஷின் சத்தம் அடங்கியது. ஆராவமுதன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். இனி பயமில்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். உள்ளே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். காஞ்சனா கதவை மெள்ளச் சாத்தினாள். டாக்டர் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வின்சி மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். போய்விட்டிருப்பாள் என்று பயந்துகொண்டே வந்தவள் நான். போகவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"எப்படி இருக்காவ?"

"பொழச்சுட்டாவ," என்றேன். "ஒம் பேரு எதுலயும் வராது. எல்லாம் எம் பேருல எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். நான் அவளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீ ஏட்டி ஆமான்னு சொன்ன? செய்யாதத ஏன் செஞ்சேன்னு சொன்ன? ஒம் படிப்பே போயிருக்குமே!"

வின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அங்க எல்லாரும் நின்னாவள்ல, போன்லயே சத்தம் கேட்டுச்சு. ஃபெயிலானவளுக்கு அம்மான்னு நிக்கதவிட, தப்பு பண்ண டாக்டருக்கு அம்மான்னு நிக்கது ஒனக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு நெனச்சேம்மா."

நான் வாயைத் திறந்தேன். அப்படியெல்லாம் இல்லட்டி என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் முகத்துக்கு நேரே அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.